லைன் கிளியர்

இரண்டே எழுத்து. நாவின் நுனி மேல்வாய் விளிம்பைத் தொட்டுப் புறப்படுகிறது. ஓர் ஐகாரத்தில் சற்றே மிதந்து, தொட்ட இடத்துக்கே திரும்பி வந்து அமர்கிறது. லைன். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இவ்வளவு சிக்கனமான சுற்றுப்பயணத்தை அதிகச் சொற்கள் மேற்கொள்வதில்லை. விழுப்புரம், திருவாமாத்தூர்ப் பக்கத்தில் இதன் வாலில் ஓர் உகரத்தையும் ஒட்டவைத்து ‘லைனு’ என்போம். மெய்யில் முடியும் சொல்லை அப்படியே அந்தரத்தில் விட நம் நாவுக்கு மனம் வராது.

ஆங்கிலத்தின் பலபொருள் சொற்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ‘செட்’டைத்தான் மேடையேற்றுவார்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு அதற்குத்தான். செட்டுக்கு நம் ஊரிலும் செல்வாக்கு உண்டு. நகைக்கடையிலும் நண்பர் கூட்டத்திலும் அது உலவுகிறது, ‘செட் ஆகல’ என்று கல்யாணப் பேச்சில் கூட முடிவு சொல்கிறது. இருந்தாலும் என் மனம் லைனிடம்தான். செட் பெரிய வீட்டுப் பிள்ளை. லைன் கூலிக்காரன், போன இடமெல்லாம் வேலை செய்து பிழைத்த சொல்.

எங்கள் பக்கத்துக்கு அது தண்டவாளத்தின் மேல்தான் வந்திருக்க வேண்டும். 1870-களில் தென்னிந்திய ரயில்வே சென்னையிலிருந்து தெற்கே பாதை போட்டுக்கொண்டு வந்தபோது விழுப்புரம் ஒரு நிலையம் ஆயிற்று. 1879-ல் புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிந்ததும் சந்திப்பு ஆயிற்று. அதன்பின் காட்பாடிக்கு ஒன்று, விருத்தாசலம் வழியே திருச்சிக்கு ஒன்று. இன்றைக்கும் விழுப்புரம் நடைமேடையில் யாரையாவது திருச்சி வண்டி பற்றிக் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். “மெயின் லைனா, கார்டு லைனா?”

இந்தக் ‘கார்டு லைன்’ என்ற தொடரின் முன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்டு என்பதை அஞ்சலட்டையோடு சேர்த்துப் புரிந்துகொண்டவர்கள் உண்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு நிற்கும் கார்டோடு சேர்த்தவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. வட்டத்தின் இரு புள்ளிகளை நேராக இணைக்கும் கோடு அது, பள்ளிக்கூட வடிவியலில் ‘நாண்’ என்று படித்தோமே, அதுதான். பழைய மெயின் லைன் விழுப்புரத்தில் புறப்பட்டு, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை எனக் கிழக்கே வளைந்து, கும்பகோணமும் தஞ்சையும் தொட்டுத் திருச்சிக்கு வருகிறது. வரைபடத்தில் அதைப் பாருங்கள், அழகான வில். அரை நூற்றாண்டு கழித்து அந்த வில்லின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய நாண்தான் விருத்தாசலம் வழிப் பாதை. வரைபடத்தின் மேல் குனிந்து நின்ற ஏதோ ஒரு பொறியாளர் கண்ணுக்கு அந்த வளைவில் ஒரு வில் தெரிந்து, அதற்கு நாணேற்றும் ஆசையும் வந்திருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் அவசரமாக உச்சரிக்கப்படும் ஒரு பெயருக்குள் இப்படி ஒரு வடிவம் சுருண்டு கிடப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும்.

ரயில்வே தந்த சொற்களில் மிக நேர்த்தியானது ‘லைன் கிளியர்’. ஒரு நிலையத்திலிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால், அடுத்த நிலையத்துக்காரர் ‘பாதை காலியாக இருக்கிறது, அனுப்பலாம்’ என்று ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலுக்குத்தான் அந்தப் பெயர். ஒற்றைப் பாதைகளில் அதற்கு ஓர் உருவமே கொடுத்திருந்தார்கள். இரு நிலையங்களிலும் ஒரு கருவி. அங்கிருப்பவர் மணியடித்து இசைந்தால்தான் இங்கே ஓர் எஃகு உருண்டை வெளியே விழும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழும், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்று வராது. அந்த உருண்டையைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் ஓட்டுநர் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும்படி பிடித்து நிற்பார் ஒரு ரயில்வே ஊழியர். ஓட்டுநரின் கை அந்த வளையத்துக்குள் புகும் கணம் இருக்கிறதே, பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களுக்கான உறுதிமொழி ஓர் உருண்டையாகக் கைமாறுகிறது. பெரும்பாலான பாதைகளில் இன்று அந்த வளையம் போய்விட்டது. சொல் மட்டும் ரயில்வே வேலியைத் தாண்டி ஊருக்குள் குடிவந்துவிட்டது. வங்கியில் கடன் கிடைத்தாலும் லைன் கிளியர், பெண் வீட்டார் சம்மதித்தாலும் லைன் கிளியர், அப்பா வெளியூர் போனாலும் லைன் கிளியர்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலைப் பக்கமாகச் சுமார் 6 கி.மீ. போனால் பம்பையாற்றங்கரையில் திருவாமாத்தூர். மூவர் பாடிய தலம். அபிராமேசுவரர் கிழக்கே பார்க்கிறார், முத்தாம்பிகை தனிக்கோயிலில் மேற்கே பார்க்கிறாள், நடுவில் வீதி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும் நயம் இது: “சாமியும் அம்மனும் ஒரே லைன்ல பாத்துக்குவாங்க.” நேர்கோடு, எதிரெதிர், ஒருவர் பார்வையில் ஒருவர் என்று சிற்பநூல் விளக்க வேண்டியதை அந்த ஒரு சொல் சுருக்கித் தந்துவிடுகிறது.

ஊருக்குள் லைன் என்றால் முதலில் கரண்டுதான். நெல்லும் கரும்பும் மணிலாவும் மோட்டார்த் தண்ணீரை நம்பி இருக்கும் ஊர்களில் விடியற்காலைப் பேச்சே அதில்தான் தொடங்கும். “லைன் வந்துச்சாண்ணே?” “ரெண்டு பேஸ்தான் வந்துருக்கு.” மின்வாரியக் கோப்புகளில் அது ‘மின்பாதை’. நல்ல தமிழ், குறை சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் கம்பி அறுந்து விழுந்தால் யாரும் ‘மின்பாதைப் பணியாளரே’ என்று கூப்பிடுவதில்லை. லைன்மேன் அண்ணன்தான்.

அந்த லைன்மேன் அண்ணன் கம்பம் ஏறுவதற்கு முன் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? துணை மின்நிலையத்துக்குப் பேசி ‘எல்.சி.’ வாங்குகிறார். எல்.சி. என்பது வேறொன்றும் இல்லை, நம் லைன் கிளியரேதான். இந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நீ வேலை முடித்து எல்.சி.யைத் திருப்பித் தரும்வரை விடமாட்டோம் என்ற வாக்கு. இங்கேதான் நான் சொக்கிப்போகிறேன். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம். மின்வாரியத்தில் லைன் கிளியர் என்றால் மின்சாரம் வராது. அங்கே ஓட்டத்துக்கான அனுமதி, இங்கே ஓட்டம் நின்றதற்கான உறுதி. ஒரே தொடர், நேரெதிர்ப் பொருள், இரண்டின் அடியிலும் ஒரே நம்பிக்கை: முன்பின் பார்க்காத ஒருவன் சொன்ன சொல்லை நம்பி ஒருவன் உயிரை நகர்த்துகிறான். ஒன்றன் ஒப்புதல் பிரம்பு வளையத்தில் போயிற்று, மற்றொன்று போன் பேச்சிலும் ஒரு நோட்டுப் புத்தகப் பதிவிலும் போகிறது. தொழிலாளர் நாவில் மட்டுமே விளையக்கூடிய இரட்டைநயம் இது. எந்தப் புலவரும் யோசித்து அமைத்ததில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தச் சொல்லின் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் அறுந்தன. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. கம்பங்கள் சாய்ந்து லைன் போனது. செல்போன் கோபுரங்கள் அடங்கி லைன் கிடைக்காமல் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 காலை ரயில் லைனும் நின்றது. அந்த நாட்களில் ‘லைன் வந்துடுச்சா?’ என்று கேட்டவரிடம் ‘எந்த லைன்?’ என்று யாரும் திருப்பிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்பவர் குரலிலேயே எது என்று தெரிந்துவிடும்.

திருவாமாத்தூர் சொல்லுக்கு மரியாதை உள்ள ஊர். அம்மன் கோயில் வட்டப்பாறையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்கள் பொய் சொல்லிப் பிழைத்ததில்லை என்பார்கள். கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்கள் ஆற்றங்கரையை மாற்றிப் பாடிவிட, சபை முகம் சுளிக்க, வெள்ளம் வந்து பம்பையாறே தடம் மாறிப் பாட்டுக்கு ஒத்துப்போயிற்று என்பது இந்த ஊர்க் கதை. ரயில்வே மொழியில் சொன்னால், புலவருக்காக ஆறு லைன் மாறியது. இலக்கணத்தை ஐந்தோடு நிறுத்தாமல் புலமை என்று ஆறாவதைச் சேர்த்து ‘அறுவகை இலக்கணம்’ செய்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து, 1898-ல் அடங்கியதும் இங்கேதான். ஆங்கிலேயர் ஆட்சியைச் சாடி ‘ஆங்கிலியர் அந்தாதி’ பாடியவர் அவர். லைனை அவர் ரசித்திருப்பாரா என்றால் சந்தேகம்தான். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்ற விதியை எடுத்துக்காட்டி ‘இலைன்’ என்று எழுதச் சொல்லியிருக்கவும் கூடும்! ஆனால் இலக்கணம் தெரிந்த காது அவருடையது. பின்வரும் இரண்டு வாக்கியங்களை மட்டும் அவர் முன் வைக்க எனக்கு ஆசை.

‘லைனை விட்டான்.’ ‘லைன் விட்டான்.’

முதலாவதில் ஒருவன் தொழிலை விட்டு விலகுகிறான்: “லாரி லைனை விட்டுட்டேங்க, இப்ப விவசாயம்தான்.” இரண்டாவதில் ஒருவன் காதலிக்கத் தொடங்குகிறான். நடுவே இருப்பது ஓர் ஐகாரம், இரண்டாம் வேற்றுமை உருபு, அவ்வளவே. அது இருந்தால் வேலை போயிற்று, இல்லாவிட்டால் மனசு போயிற்று. இதே போல ‘லைன்ல வந்தார்’ என்றால் வரிசையில் வந்தார், அல்லது போனில் பேச வந்தார். ‘லைனுக்கு வந்தார்’ என்றால் முரண்டு பிடித்தவர் இறங்கி வந்தார். பின்னதற்குத் தமிழில் ‘வழிக்கு வந்தார்’ என்று முன்பே ஓர் அழகான இருக்கை இருந்தது. லைன் அதில் ஓசையில்லாமல் ஏறி அமர்ந்துகொண்டது, ‘வழி’யும் நகர்ந்து இடம் கொடுத்தது. இன்று இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

லைனின் வேலையில் பாதியைச் செய்வது நம் வினைகள். ரேஷன் கடையில் லைன் கட்டுகிறோம். ஆள் நிற்க முடியாதபோது பையும் செங்கல்லும் ஒற்றைச் செருப்பும் நமக்காக லைனில் நிற்கின்றன. தோட்டத்து மோட்டாருக்கு லைன் இழுக்கிறோம். ஓர் அதிகாரியைப் பார்க்க லைன் பிடிக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் இளவட்டங்கள் லைன் போடுகிறார்கள், லைன் அடிக்கிறார்கள். இவற்றுள்ளும் படிநிலை உண்டு. லைன் விடுவதில் ஒரு தயக்கம் இருக்கிறது, மறுமுனையில் யாராவது எடுப்பார்களா என்ற ஏக்கம் இருக்கிறது. லைன் அடிப்பதில் அது இல்லை; தூரத்தில் நின்று செய்யும் வெறும் வேடிக்கை. எதிரில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டும் தொல்லைதான் என்பதை, நயம் பாராட்டும் மயக்கத்தில் நான் மறந்துவிடக் கூடாது.

மற்றத் தொழில்களில் அது சுறுசுறுப்பாக ஓடுவதை வேகமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர் வடநாட்டுக்குச் சரக்கேற்றிப் போனால் ‘லைனுக்குப் போயிருக்கார்’. பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக் கடை கடையாக நிற்கும் வேனுக்கு லைன் வண்டி என்று பெயர். கொங்குநாட்டில் ஒரே சுவர் பகிர்ந்து வரிசையாக நிற்கும் வாடகை வீடுகள் லைன் வீடு. வாரத் தவணை பிரிப்பது லைன் வசூல். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர்கள் ‘ஒன்லைன்’ எழுதுகிறார்கள். பெயரைப் பார்த்து ஒரு வரி என்று எண்ணிவிட வேண்டாம். காட்சிக்கு ஒரு வரியாகப் பக்கம் பக்கமாகப் போகும் அந்தப் பட்டியலின் அடக்கமான பெயர் அது. பள்ளிப்பிள்ளைகளின் நோட்டில் மட்டும் இந்தச் சொல்லால் முழுதாக நுழைய முடியவில்லை. ‘நாலு கோடு நோட்டு, ரெண்டு கோடு நோட்டு’ என்று கோடு தன் இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதிலும் மகிழ்ச்சிதான்.

லைன் போன தொலைவுகளில் என் நெஞ்சை மிகவும் தொடுவது இலங்கை மலையகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867-க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களை, படைவீரர் கொட்டடி போல நீளவாக்கில் தடுத்த ஒற்றை அறைகளில் துரைமார் குடிவைத்தார்கள். அந்தக் கட்டட வரிசைக்குத் துரை சொன்ன பெயர் லைன். கூலியாகப் போன தமிழர் அதை ‘லயன்’ என்றார்கள், பிறகு ‘லயம்’ என்றார்கள். அந்த மகர மெய்யைப் பாருங்கள். மரம், குளம், நிலம் என்ற சொற்களின் பக்கத்தில் கொண்டுபோய் அதை உட்காரவைத்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் அது அத்துச் சாரியையும் ஏற்றது: லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள். வெளிநாட்டுச் சொல் ஒன்று இலக்கணத்தின் உள்ளறை வரை வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது. கூடவே அறைக்குக் ‘காம்பரா’ என்ற போர்த்துகீசியச் சொல். லயத்துக் காம்பரா என்னும் அந்த ஒரு தொடரில் இரண்டு ஐரோப்பிய மொழிகள் ஒரு தமிழ்ச் சாரியையால் தைக்கப்பட்டிருக்கின்றன. தைத்தவர்கள் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். கைகால் நீட்ட இடமில்லாத அறைக்குச் சங்கீதத்தின் லயத்தோடு ஒத்த ஒலி எப்படி வாய்த்தது என்று நினைக்கும்போது இனிமையும் கசப்பும் ஒன்றாகவே வருகின்றன. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறித் திரும்பியவர்கள் பேச்சில் அந்த லயமும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

இனி இந்தச் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளி, அதாவது நார் எடுக்கும் செடி. அந்த நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அந்த நூலை நீட்டிப் பிடித்ததுதான் கோடாயிற்று, வரிசையாயிற்று, பாதையாயிற்று. நம் மொழியும் அதே நூலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் நடந்தது. நமக்கு நூல் என்றால் புத்தகம். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனக்கோணலைத் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று நன்னூல் விளக்குகிறது. அவர்கள் நூலை நீட்டிக் கோடு கண்டார்கள், நாம் அதையே நீட்டி அறிவைக் கண்டோம்.

விழுப்புரத்து ஹார்டுவேர் கடைகளில் கொத்தனார்கள் கேட்டு வாங்கும் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது: லைன் டோரி. சுவர் எழுப்பும்போது இரு முனைகளிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டும் நூல்கண்டு. டோரி என்றால் இந்தியில் கயிறு, நூல். லத்தீன் நூல் ஆங்கிலத்தில் கோடாகி, ரயிலாகி, கரண்டாகி, காதலாகி, உலகைச் சுற்றிவிட்டு, கொத்தனார் கைக்கு வரும்போது மறுபடி நூலாகவே வந்திருக்கிறது, துணைக்கு இந்தி நூலையும் சேர்த்துக்கொண்டு. நூல் நூல் என்று இரண்டு மொழியில் சொல்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. மேஸ்திரி நூலை விரலால் சுண்டிவிடுவார், அது நடுங்கி நிற்கும். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “லைன் கரெக்டா இருக்கு, கல்லை வைப்பா” என்பார்.

போனிலிருந்து கம்பி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ‘லைன்ல இருங்க’ என்கிறோம். இல்லாத கம்பியின் இருமுனையில் இரண்டு பேர் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். இப்போது புதிதாக ‘ஆன்லைன்’ வந்திருக்கிறது. அதையும் நம் ஆட்கள் சும்மா விடவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு நிலையைச் சொல்லும் சொல். இங்கே அது உயரமான ஓர் இடமாகிவிட்டது; படியேறிப் போய்ச் சேர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அறையின் வாசலில் காதைக் கொடுத்தால் போதும்.

“பெரியப்பா, பட்டா மாறிடுச்சா?”

“மாறிடுச்சுப்பா. ஆன்லைன்ல இன்னும் ஏறல.”